புதன்கிழமை அமெரிக்கா

பல் வைத்தியரிடம் போகிறவர் பல்லைப் பற்றி அவருக்கே பாடம் எடுப்பதில்லை. அமெரிக்க அரசியல் படிப்பிக்கிறவளிடம் வருகிறவர்களோ பாடத்தை வீட்டிலேயே முடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

பகலில் நான் ஒரு பல்கலைக்கழகத்தில் கேஷுவல் டியூட்டர். அதாவது அடுத்த செமஸ்டர் வேலை இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. புதன்கிழமை பின்னேரங்களில் சிட்னியின் டூங்கபியில் ஒரு சமூக மண்டபத்தில் பெரியவர்களுக்கு 'அமெரிக்க அரசாங்கமும் அரசியலும்: ஓர் அறிமுகம்' என்று வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு இங்கிலீஷில். முடிந்தபிறகு நடக்கிற உண்மையான வகுப்பு, கதிரைகளை அடுக்கி வைக்கிற நேரத்தில், தமிழில். பக்கத்து அறையில் அதே நேரம் பரதநாட்டிய வகுப்பு. நான் உச்ச நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் சுவருக்கு அந்தப்பக்கம் தாளம் தட்டுகிற தட்டுக்கழி தொடங்கும். மாலை வகுப்பு எடுக்கிற என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தூதரகம்

நான் அமெரிக்க அரசாங்கம் படிப்பிக்கிறேன் என்று எங்கட சனத்துக்கு ஒருக்கால் தெரிந்தால் போதும், நான் தூதரகமாகிவிடுவேன். மச்சானின் கிரீன் கார்ட் ஏன் இழுபடுகிறது, டொரன்டோவில் இருக்கிற பெறாமகன் எல்லையைக் கடந்து சொப்பிங் போகலாமோ, எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும். தெரியாது என்றால் நம்பமாட்டார்கள். தெரிந்துகொண்டு ஒளிக்கிறாள் என்று நினைப்பார்கள். புவியியல் படிப்பிக்கிறவரிடம் யாராவது காணி உறுதிப் பத்திரம் கேட்கிறார்களா?

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் ஒரு சனிக்கிழமை, பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பெண் திரும்பி, "மேடம், நீங்கதானே அமெரிக்கா கிளாஸ் எடுக்கறீங்க?" என்று கேட்டாள். வந்துவிட்டதடா என்று மனம் சோர்ந்தது. பெயர் சுகன்யா, ஊர் ஈரோடு. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். கணவர் செந்தில் ஐ.டி.காரர். அவருக்கு டாலஸில் ஒரு கம்பனி வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. போனால் இவள் அங்கே வேலை செய்யலாமா, இல்லை வீட்டோடு இருக்கவேண்டியதுதானா என்று ஒருவரும் சரியாகச் சொல்லவில்லையாம். ஒரு இணையதளத்தில் செய்யலாம் என்றும், அடுத்ததில் அந்த விதியையே எடுக்கப்போகிறார்கள் என்றும் போட்டிருக்கிறதாம். நான் விசா ஆள் இல்லை என்று என் வழக்கமான பாட்டைத் தொடங்கினேன். அவள் குறுக்கே மறித்தாள்.

"எனக்கு விசா வேண்டாங்க மேடம். அந்த ரூலை யாரு போட்டாங்க, யாரால எடுக்க முடியும்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

இத்தனை வருடத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளைகூட முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மூன்று பெட்டி

அவள் வகுப்பில் சேர்ந்தாள். மகளைப் பக்கத்து அறை நடன வகுப்பில் விட்டுவிட்டு இங்கே வந்து உட்காருவாள், சௌகரியம். முன்வரிசையில் நவரத்தினம் அங்கிள். இளைப்பாறிய கணக்காளர், ஒவ்வொரு புதனும் பிளாஸ்கில் கோப்பியோடு வருவார். உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அந்த ஒருத்தன் யாரென்று மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும்.

முதல் வகுப்பில் பலகையில் மூன்று பெட்டி கீறினேன். சட்டம் செய்கிற காங்கிரஸ், அதை நடத்துகிற ஜனாதிபதி, சரிபிழை பார்க்கிற நீதிமன்றம். ஒன்றை ஒன்று மறிக்கும், ஒன்று தலைகால் தெரியாமல் ஆடினால் மற்ற இரண்டும் இழுத்துப் பிடிக்கும் என்று அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினேன். என் கீறல் எனக்கே வடிவாகத்தான் இருந்தது. அங்கிள் கோப்பியை ஊற்றிக்கொண்டு வெகுநேரம் பலகையைப் பார்த்தார்.

"பெட்டி மூண்டும் நல்லாத்தான் இருக்குப் பிள்ளை. திறக்கிற திறப்பு ஆரிட்ட இருக்கு?"

செவ்வாய்க்கிழமை வாக்கு

தேர்தல் பாடம் ஆஸ்திரேலியாவில் லேசான பாடம் என்று நினைக்காதீர்கள். இங்கே வாக்குப் போடாவிட்டால் அபராதம். அங்கே விரும்பினால் போடலாம், அதற்கும் பல மாநிலங்களில் முன்கூட்டியே தானே போய்ப் பதிந்திருக்கவேண்டும். இங்கே சனிக்கிழமை. அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை, பெரும்பாலான இடங்களில் வேலைநாள். அதோடு நாடு முழுக்க அதிக வாக்கு எடுத்தவர்தான் ஜனாதிபதி என்றும் இல்லை. மாநிலம் மாநிலமாக எண்ணி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருக்கிற தேர்வாளர்களைக் கூட்டித்தான் முடிவு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும்.

வகுப்பில் கிரகம் என்று ஒருவர். வெள்ளைக்காரர், வாழ்நாள் முழுக்க ரயில் ஓட்டினவர், மனைவி போனபிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் எல்லா மாலை வகுப்புகளுக்கும் போகிறவர். போன செமஸ்டர் பாண் சுடக் கற்றாராம். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் என்று கையை உயர்த்தினார். வாக்களிக்கிற பள்ளிக்கூட வாசலில், இங்கே நடக்கிற மாதிரி, பாணுக்குள் சொசேஜ் வைத்து வெங்காயத்தோடு விற்பார்களா என்று கேட்டார். அப்படி ஒரு வழக்கம் அங்கே இல்லை என்றேன். அவர் முகம் வாடிப் போனதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

"வேலைநாள், வரிசை, கட்டாயமும் இல்லை, சொசேஜும் இல்லை. பிறகு எதற்குத்தான் போகிறார்கள், பாவம்?"

வயோமிங் எங்கட ஆக்கள்

காங்கிரஸின் மேல்சபையான செனட் பற்றின பாடத்தில் ஒவ்வொரு முறையும் சண்டை வரும். கலிபோர்னியாவில் கோடிக்கணக்கில் சனம், இரண்டு செனட்டர். வயோமிங்கில் இருக்கிற சனம் சிட்னியின் ஒரு மூலைக்குள் அடங்கும், அதற்கும் இரண்டு செனட்டர். அநியாயம் என்று வகுப்பே குரல் கொடுக்கும். நான் அதைத்தான் எதிர்பார்த்து நிற்பேன், ஏனென்றால் அங்கிருந்துதான் பாடம் சூடு பிடிக்கும். இந்தமுறை நவரத்தினம் அங்கிள் எழுந்து நின்று அதில் என்ன அநியாயம் என்று கேட்டார்.

விஷயம் இதுதான். எங்கட பழைய மாணவர் சங்கங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு ஒன்றியம் இருக்கிறது. ஊரில் பெரிய பள்ளிக்கூடமோ, ஓலைக் கொட்டிலில் தொடங்கின சின்னப் பள்ளிக்கூடமோ, பள்ளிக்கு இரண்டு பிரதிநிதி. பெரிய பள்ளிக்கூடத்து ஆட்கள் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் இதை மாற்றவேண்டும் என்று எழும்புவார்கள். அங்கிள் சின்னப் பள்ளிக்கூடம். அவருடைய சங்கத்தில் அவரும் இன்னும் நாலைந்து பேரும்தான் மிச்சம், அதிலும் ஒருவர் மெல்பர்னுக்குப் போய்விட்டார். நான் கட்டுரை கட்டுரையாக வாசித்தும் விளங்கப்படுத்தக் கஷ்டப்படுகிற, பெரிய மாநிலமும் சின்ன மாநிலமும் செய்துகொண்ட அரசியலமைப்புப் பேரத்தை அவர் ஒரு கூட்டத்தில் அனுபவித்திருக்கிறார். அதைச் சொன்னேன், அவருக்குப் புளுகத்தில் முகமெல்லாம் சிரிப்பு.

"வயோமிங்காரர் எங்கட ஆக்கள் பிள்ளை. அவையில கை வைக்க விடாதை."

ஆலோசனையும் சம்மதமும்

ஜனாதிபதி ஒரு நீதிபதியையோ அமைச்சரையோ பெயர் குறிப்பிடலாம். ஆனால் செனட்டின் ஆலோசனையும் சம்மதமும் வேண்டும். அரசியலமைப்பில் உள்ள சொற்களே அவைதான். பெயர் சொல்லுகிறவர் ஒருவர், ஓம் என்கிறவர் வேறொருவர். சரி, இதற்கு இங்கே உதாரணம் சொல்லுங்கோ என்று கேட்டேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

சுகன்யா தன்னுடையதை வகுப்பு முடிந்து கதிரை அடுக்கும்போதுதான் சொன்னாள். டாலஸ் விஷயத்தைச் செந்தில் அவளிடம் முதலில் சொல்லவில்லையாம். ஈரோட்டில் தன் தகப்பனாருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். இவள் குசினிக்குள் நின்று மகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அது காதில் விழுந்திருக்கிறது. செந்தில் கெட்டவர் இல்லை, மேடம், நல்லாப் பார்த்துக்கிறவர்தான் என்று அவளே வக்காலத்தும் வாங்கினாள். எனக்கு உள்ளுக்குள் பத்திக்கொண்டு வந்தது. ஊரார் பிள்ளையின் கணவரை நான் ஏசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்க ஜனாதிபதியாவது சம்மதம் கேட்டு அனுப்பறாரு மேடம். எனக்கு அறிவிப்புத்தான் வந்துச்சு."

சட்டம் வேறு, விதி வேறு

கோயிலில் அவள் கேட்ட கேள்விக்கு நாள் வந்தது. காங்கிரஸ் போட்டது சட்டம். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு திணைக்களம் எழுதுவது விதி. சட்டத்தை மாற்ற இரண்டு சபையும் வாக்களிக்கவேண்டும். விதியை மாற்ற, அடுத்து வருகிற ஜனாதிபதியின் ஆட்கள், அதற்கென்று உள்ள முறையைப் பின்பற்றினால் போதும். அதை யாராவது நீதிமன்றத்துக்கு இழுக்கலாம், தீர்ப்பு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். இதுதான் பாடம். இதற்கு மேல் நான் சொல்லக்கூடாது, மிச்சத்தைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேள் என்று அவளிடம் உறுதியாகச் சொன்னேன்.

அவளும் விடாமல் ஒருவரைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். இந்தியப் பாஸ்போர்ட்டில் செந்தில் போகக்கூடிய வழக்கமான வேலை விசாவில், கூடப் போகிற மனைவி உடனே வேலை செய்ய முடியாது. கணவரின் கிரீன் கார்ட் விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டினபிறகுதான் அனுமதி கேட்கலாம். அந்த அனுமதியும் காங்கிரஸ் எழுதிக் கொடுத்ததல்ல, திணைக்கள விதி. இதைச் செந்திலிடம் சொன்னாளாம். அதெல்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, எத்தனை லட்சம் பேர் இருக்காங்க என்றாராம் அவர். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

"என்னோட வேலை எந்தப் பெட்டிக்குள்ள இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது அக்கா. அடுத்த ஆளு வந்து கையெழுத்துப் போட்டா காலி ஆகற பெட்டி."

ஐம்பது வாசல்

கூட்டாட்சி பாடம். அமெரிக்காவில் திருமணச் சட்டம், பள்ளிக்கூடம், தொழில் உரிமம், இவை எல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் கையில். இங்கே சுகன்யாவின் பதிவு ஆஸ்திரேலியா முழுக்கச் செல்லும். சிட்னியில் இருந்து பெர்த்துக்குப் போனாலும் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனிச் சபை, தனித்தனி உரிமம். வெளிநாட்டில் படித்தவர் என்றால் முதலில் சமானப் பரீட்சை, பிறகு பயிற்சி, பிறகு உரிமப் பரீட்சை, பிறகு அந்த மாநிலத்துச் சட்டத்தில் ஒரு பரீட்சை.

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் வெளிறியது. ஈரோட்டில் பட்டம் எடுத்தவள் சிட்னிக்கு வந்து, கைக்குழந்தையோடு, எல்லாவற்றையும் மறுபடி எழுதினவள். மகள் தொட்டிலில், புத்தகம் சலவை மெஷினுக்கு மேல், கழுவுகிற சத்தத்தில் குழந்தை தூங்கும் என்று. பயிற்சிக்காலத்தில் கவுண்டரில் நின்று, வருகிற கிழவர்களின் ஆஸ்திரேலிய உச்சரிப்பு விளங்காமல் கழிப்பறைக்குள் போய் அழுதிருக்கிறாள். இப்போது அதே கிழவர்கள் இவள் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள், நாளைக்கு வருகிறோம் என்று. கடைக்காரர் இவளை அடுத்து பொறுப்பாளராகப் போடுவதாகவும் சொல்லியிருக்கிறார். இதை எல்லாம் விட்டுவிட்டு மூன்றாம்முறை முதல் வகுப்பில் போய் உட்கார்வதா? செந்திலின் பதில் மட்டும் எப்போதும் தயார்.

"'அங்க போய்ப் பாத்துக்கலாம்'னு சொல்றாருங்க அக்கா. அங்க போய்ப் பாக்கப்போறது யாருன்னு அவர் சொல்லல."

கிரகத்தின் மகள்

எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை வகுப்பில் ஒருவர் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், மறைக்க மாட்டேன். தேநீர் நேரத்தில் சுகன்யா தன் கதையைக் கிரகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, என்னுடைய மகள் பாஸ்டனில் இருக்கிறாளே, அவளுடைய மாப்பிள்ளை போன மாதமே வேலைக்குப் போய்விட்டானே என்றார். எப்படி என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கென்றே தனியாக ஒரு வேலை விசா இருக்கிறதாம், மகள் போனது அதில்தானாம்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். உண்மைதான். காங்கிரஸ் சட்டமாகவே போட்டது. கூடப் போகிற கணவனோ மனைவியோ வேலை செய்யலாம் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது, திணைக்கள விதியின் தயவில் இல்லை. போகிறவர் ஆஸ்திரேலியக் குடிமகனாக இருந்தால் போதும், கூடப் போகிறவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். மாநில உரிமப் பரீட்சை எப்படியும் எழுதவேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் எழுதிப் பாஸ் பண்ணினால் வேலைக்குப் போகலாம், ஒரு கையெழுத்தில் யாரும் பிடுங்கமாட்டார்கள். சுகன்யாவின் வழக்கறிஞரும் ஓம் என்றார். அடுத்த புதன் அவள் கிரகத்துக்குக் கேசரி செய்து கொண்டுவந்தாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு இனிப்பு தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நான் ரயில் ஓட்டினவன். எந்தப் பிளாட்ஃபாரம் என்று மட்டும்தான் சொல்லத் தெரியும், ஏறுவது உங்கள் பாடு."

பாஸ்போர்ட்

அங்கேதான் வந்தது வில்லங்கம். செந்தில் ஆஸ்திரேலியக் குடிமகன் இல்லை. தகுதி வந்து கனகாலம். விண்ணப்பிக்கவில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை கொடுப்பதில்லை, இதை எடுத்தால் அதை விடவேண்டும். விடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. அப்பா என்ன நினைப்பார், ஊரில் நிலம் இருக்கிறது, விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்பதா. வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டபிறகு மனிதர் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்து முடிக்கும்வரை டாலஸ்காரன் காத்திருப்பானா? பதிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் கெடுவாக வைத்துவிட்டான்.

செந்திலை நான் ஏளனம் செய்யமாட்டேன். இலங்கையில் இருந்து நான் இந்த நாட்டுக்கு வந்த விதத்தில், கையில் இருந்த பாஸ்போர்ட்டைக் கைவிட எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கையில் கிடைத்தன்று நிம்மதியில் அழுதேன். அவருக்கு அப்படி இல்லை. அவருக்கு அது ஊர், தகப்பன், வளர்ந்த வீடு எல்லாம் சேர்ந்தது. வலிக்கும்தான். அதைச் சுகன்யாவிடமும் சொன்னேன். கார் நிறுத்துமிடத்தில் மகளின் சலங்கைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவள் எனக்குத் திருப்பிச் சொன்னதை வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

"வலிக்கும்தாங்க அக்கா, நான் இல்லைங்கல. என் வேலையை விடணும்னு சொல்ல அவருக்கு ஒரு ஃபோன் பேசற நேரம் போதுமா இருந்துச்சே, அதைத்தான் கேக்கறேன்."

வீட்டோ

கெடுவுக்கு முந்தின புதன். பாடம் வீட்டோ. காங்கிரஸ் அனுப்பின மசோதாவை ஜனாதிபதி மறுக்கலாம். அவருடைய மறுப்பையும் மீறவேண்டும் என்றால் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அன்றைக்கு மகளைக் கூட்டிப்போகச் செந்தில் வெள்ளனவே வந்துவிட்டார். வெளியே மழை. உள்ளே வந்து பின்வரிசையில் இருங்கோ என்றேன். நல்ல உயரமான, அடக்கமான மனிதர், கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். முன்னே இருந்த சுகன்யா திரும்பிப் பார்க்கவில்லை.

நவரத்தினம் அங்கிளுக்கு வாய் சும்மா இருக்காதே. வீட்டில் யாருக்கு வீட்டோ என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். கிரகம் தன் வீட்டில் இப்போது பூனைக்கு என்றார், எல்லோரும் சிரித்தார்கள். முறை சுகன்யாவுக்கு வந்தது. அவள் எழுந்து, பின்னால் திரும்பி, தமிழில் சொன்னாள். அது செந்திலுக்கு மட்டும் என்று நினைத்திருப்பாள், அங்கிளும் நானும் இருப்பதை மறந்துவிட்டாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. பக்கத்து அறையில் தட்டுக்கழியும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

"வீட்ல ரெண்டே ஓட்டுத்தாங்க, மூணாவது ஆளுக்கு இப்பத்தான் பால்பல் விழுந்திருக்கு. மூணுல ரெண்டு பங்குக்கு நான் எங்க போறது? அதனால நானும் வீட்டோ பண்றேன். இப்படியே கிளம்பறதா இருந்தா நான் வரல."

மண்டபத்தில் ஒரு செடி

செந்தில் அந்த வெள்ளிக்கிழமை டாலஸுக்கு என்ன எழுதினார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குடியுரிமை எடுத்தபிறகு வருகிறேன், காத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியாது என்று அவர்கள் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் சில வாரம் சத்தமே இல்லையாம். சமைக்கிறது, சாப்பிடுகிறது, மகளைக் கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான். வகுப்பும் முடிந்துவிட்டது. சுகன்யா கோயிலிலும் கண்ணில் படவில்லை. நான் வாயைத் திறந்ததால் ஒரு குடும்பம் குலைந்துவிட்டதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அமெரிக்க அரசியலமைப்பை எழுதினவர்கள் இந்தப் பயத்தை எல்லாம் பட்டார்களோ தெரியாது.

பல மாதம் கழித்து ஒரு அழைப்பு வந்தது. நகரசபை மண்டபத்தில் குடியுரிமை விழா. போனேன். அங்கிளும் கோட்டு சூட்டோடு வந்திருந்தார், கிரகம் தன் ஒரே நல்ல சேட்டோடு. செந்தில் பட்டு வேட்டியில் மேடை ஏறி, மேயரிடம் கைகொடுத்து, எல்லோருக்கும் கொடுக்கிற சின்னச் செடிச்சட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் சுகன்யா அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள். இவள் இப்போது கடையின் பொறுப்பாளர். அவள் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. எனக்கு அவசரம் இல்லைங்க அக்கா என்றாள், அந்தக் குறும்பை நான் ரசித்தேன்.

சொசேஜ் இல்லாத அந்த விழாவில் கிரகம் கேக்கைத் தேடிப் போய்விட, அவள் என்னை ஒரு ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாலஸ்காரர்கள் திரும்பவும் எழுதியிருக்கிறார்களாம், எடுத்த ஆள் நிலைக்கவில்லையாம். பிறகு என்ன, போறீங்களா என்று கேட்டேன். அவள் செடிச்சட்டியோடு தடுமாறிக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியலீங்க அக்கா, இன்னும் பேசிட்டிருக்கோம். இந்தத் தடவை ஈரோட்டுக்கு ஃபோன் போடறதுக்கு முன்னாடி என்கிட்டக் கேட்டாரு."

இவ்வளவு காலம் அமெரிக்க அரசாங்கத்தைப் படிப்பித்ததில் திருந்தின அரசாங்கம் டூங்கபிப் பக்கம் ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது. வாஷிங்டன்காரருக்கு என் புதன்கிழமை நேரம் சரிவரவில்லை போல.